உன் கண்ணாடிக் கடலுக்கு அடியில் ஒரு பாசித் தொட்டி

கண்ணு,

போனில் நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ பாதியில் குறுக்கே பேசியிருப்பாய், நானும் கோபத்தில் பட்டென்று வைத்திருப்பேன். காகிதத்தில் எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இத்தனை வருஷம் கழித்துப் பேனாவை எடுத்திருக்கிறேன். உங்கப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதற்குள் மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டார். இந்தக் கதையில் தனக்கும் நாலு அடி விழும் என்று அவருக்குத் தெரியும். விழட்டும், வாங்கிக்கொள்ளட்டும்.

உன் வழக்கை முதலில் நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். கல்யாணமாகி வேளச்சேரி பிளாட்டுக்குப் போனதும் நீங்கள் இருவரும் ஆசை ஆசையாகப் பவளமும் மீனும் வைத்துக் கடல் தண்ணீர்த் தொட்டி ஒன்று அமைத்தீர்கள். அதற்கு அடியில் இருக்கும் அலமாரியில் இன்னொரு சின்னத் தொட்டி வேண்டும் என்று ரேவதி கேட்கிறாள். அதில் மீன் இருக்காது. கடல் பாசியும் ஒரு விளக்கும் மட்டும். மேல் தொட்டித் தண்ணீர் அதன் வழியாகப் போய் வந்துகொண்டே இருக்கும், பாசி அழுக்கைத் தின்று வளரும், மீன் வாய் எட்டாத இடம் என்பதால் தூசி போன்ற சின்னப் பூச்சிகள் அங்கே பயமில்லாமல் பெருகும். அதற்கு ரெஃப்யூஜியம் என்று பெயர் என்றாள். நீயோ, தண்ணீரைச் சுத்தம் செய்ய நல்ல மெஷின் இருக்கும்போது அது எதற்கு, அலமாரியில் இடம் அடைக்கும் என்கிறாய். பேசிப் பேசி அலுத்துப்போய், அம்மா சொல்வதே தீர்ப்பு என்று இருவரும் ஒத்துக்கொண்டீர்கள். பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று உனக்கு ஒரு தைரியம்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். நீ மேலே ஒன்று சொன்னாய். "தெம்பு இருக்கறது பொழைக்கும்மா. இல்லாததுக்குத் தனியா எடம் ஒதுக்கி வளக்கறதெல்லாம் வெட்டி வேல. எங்க ஆபீஸ்லயும் இதே கததான். கோட்டாவுல படிச்சிட்டு வந்தவனையெல்லாம் தூக்கிக்கினு நாங்க ஓட வேண்டியதா கீது." மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் ஒரே தாவாக மனிதர்களிடம் வந்துவிட்டாய். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. உன் தொட்டிக்கு மட்டும் தீர்ப்புச் சொன்னால் போதாது, அந்த வார்த்தைக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நீ பிறப்பதற்குச் சில வருஷம் முன்னால் எங்கள் வீட்டிலும் கடல் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதை நாங்கள் உன்னிடம் விளக்கமாகச் சொன்னதே இல்லை. அப்போது கச்சிராயபாளையத்தில் வாடகைக்கு இருந்தோம். உங்கப்பா கல்வராயன் மலை மேல் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். காலை பஸ்ஸில் மலை ஏறி, சாயங்காலம் இறங்கி வருவார். ஒரு நாள் வகுப்பில் ஒரு பெண், "சார், உப்புத் தண்ணியில மீனு எப்பிடி சார் சாவாம கீது?" என்று கேட்டிருக்கிறாள். புத்தகத்தில் இருந்ததைச் சொல்லியிருக்கிறார். அவள் நம்பவில்லை. வந்தது ரோஷம். கள்ளக்குறிச்சியில் தடிமனான கண்ணாடி வாங்கி அவரே பெட்டி ஒட்டினார். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் இரண்டு நீலக் கேனைத் தூக்கிக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினார். "இன்னா சார், கடலயே மொண்டுக்கினு வந்துட்ட? இதுக்கும் டிக்கெட் போடணுமே" என்று கண்டக்டர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். ராமேஸ்வரம் பக்கம் வேலையிலிருந்த ஒரு சிநேகிதர் மூலமாக இரண்டு கோமாளி மீன், ஒரு கடல் சாமந்தி, பாசி ஒட்டிய கொஞ்சம் பாறை எல்லாம் வந்து சேர்ந்தன. கடல் சாமந்தி உனக்குத் தெரியும், பூ மாதிரி விரியும், ஆனால் உயிருள்ள பிராணி. எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

உங்கப்பா கரும்பு போடுகிற வீட்டுப் பிள்ளை. வடக்கனந்தலில் எங்கள் வீட்டிலும் அதே பிழைப்புதான். நட்ட பயிரைத் தவிர வேறு எது முளைத்தாலும் எங்களுக்கு அது களை. களை என்றால் பிடுங்கி வரப்பில் போட வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. அந்தப் புத்தியோடு இவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கையை முழங்கை வரை விட்டுத் தொட்டிக்குக் களை எடுப்பார். பச்சைப் பாசி ஒரு கொத்து வளர்ந்திருந்தால் விடமாட்டார். எடுக்க எடுக்கத் தண்ணீர் மஞ்சளாகும், கண்ணாடியில் வழவழவென்று படியும், மறுபடி கேனைத் தூக்கிக்கொண்டு கடலூர் போவார். எட்டாவதோடு நின்றுபோன நான் என்ன சொல்ல முடியும்? அவர் வீசிய பாசியை எடுத்து, பின்பக்கம் சும்மா கிடந்த மாட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி ஊறப்போட்டு, அவர் கொட்டச் சொன்ன அழுக்குக் கடல் தண்ணீரை அதில் ஊற்றிப் போட்டு வைத்தேன். வெயில் படுகிற இடம். பத்து நாளில் அடித்தரை பளிச்சென்று தெரிந்தது. பாசிக்குள் கடுகு அளவில் என்னென்னவோ ஓடி விளையாடின. மோட்டார் ஓடுகிற கண்ணாடிப் பெட்டியில் தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் இருந்தது.

இரண்டையும் குழாய் போட்டு இணைத்துவிடுங்கள் என்று சொன்னேன். உங்கப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உனுக்கு இன்னா தெரியும்? களைய வளத்தா பயிரு வாழுமா? கெடக்கற சத்த எல்லாம் அது உறிஞ்சிக்கும்" என்றார். நான் விடவில்லை. ஒரு மாதம் நச்சரித்ததில், வீட்டில் நிம்மதி வேண்டும் என்று ஜன்னல் கம்பி வழியாக இரண்டு குழாய் விட்டார். காற்று மோட்டார் தள்ளும் குமிழியோடு தண்ணீரும் ஒரு குழாயில் ஏறி மாட்டுத் தொட்டிக்குப் போகும். நிரம்பியது இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓடியது.

அந்த வருஷங்கள் இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருஷங்கள். எங்கள் ஜனங்கள் கணக்கில் நிறையப் பேர், கலெக்டர் ஆபீசிலோ காலேஜிலோ தேடிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. எங்களுக்கென்று தனியாகப் பங்கு கொடு என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. உன் பெரிய மாமா அதில் முன்னால் நின்றவர். ஒரு வாரத்துக்குச் சாலை மறியல் என்று அறிவித்தார்கள். அது முடிந்த மறுநாள் மலைப் பிள்ளைகள் தொட்டியைப் பார்க்க இறங்கி வருவதாக ஏற்கெனவே பேச்சு. அதற்குள் புதுத் தண்ணீர் மாற்றிப் பளபளவென்று வைக்க வேண்டும் என்று உங்கப்பா மறியலுக்கு முந்தின நாள் கேன்களோடு கிளம்பினார். கிளம்பும்போது ஜன்னல் குழாயைப் பிடுங்கிப் போட்டார். "நான் வர்ற வரிக்கும் அந்த மாட்டுத் தொட்டித் தண்ணிய இதுல உடாத. புள்ளைங்க வரச்சொல்லோ மீனு செத்துக் கெடந்திச்சின்னா மலமேல நான் மூஞ்சியக் காட்ட முடியாது" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

சாயங்காலமே திரும்பிவிடுவதாகச் சொன்னவர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுத் திருக்கோவிலூரில் மாட்டிக்கொண்டார். விடிந்தபோது எந்தப் பக்கமும் பஸ் இல்லை. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மரம் விழுந்ததில் கம்பி அறுந்து ஊரில் கரெண்ட் போய்விட்டது. காற்று மோட்டார் நின்றது. மத்தியானத்துக்குள் இரண்டு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. போதாக்குறைக்கு நானும் என் பங்குக்கு ஒரு தப்புச் செய்தேன். வெயிலில் தண்ணீர் இரண்டு விரற்கடை வற்றியிருந்தது. கடல் தண்ணீர் வற்றினால் உப்புத் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும் என்று சமையல் உப்பை இரண்டு கை அள்ளிக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் கடல் சாமந்தி சுருங்கிச் சுருங்கி எலுமிச்சம்பழ அளவுக்கு ஆகிவிட்டது. புருஷன் மானம் என் கையில் செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து அழுதேன்.

அழுதது கொஞ்ச நேரம்தான். தொட்டியில் மிதக்கவிட உங்கப்பா ஒரு கண்ணாடிக் குழல் வைத்திருந்தார், சரியான கடல் தண்ணீரில் அது மிதக்கும் மட்டத்துக்கு நகப்பாலிஷால் சிவப்புக் கோடு போட்டிருப்பார். கல்யாணத்துக்கு முன்னால் தினமும் பால் சொசைட்டியில் நின்றவள் நான். பாலில் தண்ணீர் கலந்தால் லாக்டோமீட்டர் அமுங்கும், கெட்டியானால் எழும்பும். இங்கே குழல் சிவப்புக் கோட்டுக்கு மேலே எழும்பி நின்றது. அப்போதுதான் புத்தியில் பட்டது. வெயில் குடித்தது தண்ணீரை மட்டும். உப்பு முழுக்க உள்ளேயேதான் இருந்திருக்கிறது, நான் அதற்கு மேல் உப்பைக் கொட்டியிருக்கிறேன். செம்பு செம்பாக மொண்டு எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயங்காலம் வரை விட்டு, குழல் கோட்டுக்கு வரும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கோடு சேர்ந்தது. பிறகு எழுந்து போய், புருஷன் பிடுங்கிப் போட்ட குழாயை எடுத்து மறுபடி ஜன்னலில் மாட்டினேன். என் வாழ்க்கையில் அவர் சொல்லை நான் முதன்முதலாக மீறியது அப்போதுதான். அதற்குப் பிறகு நிறைய.

குழாய் மாட்டியாகிவிட்டது, தள்ளுவதற்குக் காற்று? முக்குரோட்டில் பஞ்சர் கடை பாயிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும், "பஸ்ஸு ஓடல, லாரி ஓடல, எனுக்கு இன்னா வேல? மீனுக்குக் காத்தடிக்கச் சொல்றியா, அடிச்சிட்டாப் போச்சி தங்கச்சி" என்று பழைய லாரி டியூப் இரண்டை எடுத்துக் கால் பம்பால் கும்மென்று அடித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் தூக்கிப்போட்ட டிரிப் குழாய் ஒன்றை அதில் செருகி, அதன் குட்டிச் சக்கரத்தைத் திருகினால் காற்று இழை போல் வந்தது. குமிழி ஏறியது, தண்ணீர் நகர்ந்தது. விடிந்ததும் ஒரு டியூப், மத்தியானம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. பாயின் தெம்பும் என் நடையும் சேர்ந்து அந்தக் கடலை ஓட்டின.

மறியலின் நாலாம் நாள் உன் பெரிய மாமா, ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. சில ஊர்களில் உயிர் போனதாகக் கேள்விப்பட்டிருந்தேன். எங்களைவிட இல்லாதவர்களின் கூரை எரிந்ததாகவும் சொன்னார்கள். அவர் முகத்துக்கு நேரே, "பங்கு கேக்கறது நாயம்ணே. அடுத்தவன் கூரையக் கொளுத்திட்டுக் கேக்கறது இன்னா நாயம்?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "அத நாயம்னு நான் சொல்ல மாட்டம்மா" என்றார். போகும்போது மாட்டுத் தொட்டியைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். குனிந்து பாசிக்குள் ஓடுகிற கடுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுங்களப் பெரிய பெட்டியில உட்டா இன்னா ஆவும்?" "ஒண்ணுகூட மிஞ்சாதுண்ணே." "இங்க?" "இங்க முழுங்கறதுக்கு ஆளு இல்ல, பெருகுது. இதுங்களும் பாசியும்தான் அந்தப் பெட்டிக்கே தண்ணிய சுத்தம் பண்ணி அனுப்புது." அவர் எழுந்து துண்டை உதறினார். "இத்த வாத்தியாருக்குச் சொல்லு. நாங்க ரோட்டுல ஒக்காந்து கேக்கறதும் இதான். கொஞ்சம் எடம். அவ்ளோதான்" என்றார்.

அங்கே பெருகினதைக் கடைசியில் மீன்தானே தின்கிறது என்று நீ மடக்குவாய், எனக்குத் தெரியும். மாமா சொன்னது உவமை, ரொம்ப இழுத்தால் எந்த உவமையும் கிழியும். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். அந்த வாரம் பெட்டி முழுக்கப் பிழைத்தது, தெம்பில்லாதது என்று ஓரமாகத் தள்ளின இடத்தால்தான்.

மறியலின் கடைசி நாள் உங்கப்பா வந்தார். யாரிடமோ இரவல் வாங்கிய சைக்கிளில், விழுந்து கிடந்த மரத்துக்கு மரம் சைக்கிளைத் தூக்கித் தாண்டி, இரண்டு கேனில் ஒன்றை வழியிலேயே விட்டுவிட்டு, தாடியும் மீசையுமாக வந்து நின்றார். வாசலிலேயே மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். நாற்றம் வரும் என்று எதிர்பார்த்திருக்கிறார். உள்ளே போனால் தண்ணீர் அவர் விட்டுப்போனதைவிடத் தெளிவு. கடல் சாமந்தி அகலமாக விரிந்து கிடந்தது, இரண்டு கோமாளி மீனும் அதற்குள் புரண்டுகொண்டிருந்தன. ஜன்னல் குழாயைப் பார்த்தார். லாரி டியூபைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். "சோறு போடு" என்று மட்டும் சொன்னார். அந்த நேரத்தில் அவரால் அவ்வளவுதான் முடிந்தது, போகட்டும் என்று விட்டேன்.

மறுநாள் மலைப் பிள்ளைகள் வந்தார்கள். பஸ் இன்னும் ஓடாததால் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்திருந்தார்கள். கால் முழுக்கப் புழுதி. கண்ணாடிக்கு முன்னால் மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். முன்பு கேள்வி கேட்ட அந்தப் பெண்தான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சார், அது இன்னா தொட்டி?" என்றாள். உங்கப்பா தொண்டையைக் கனைத்தார். அத்தனை பிள்ளைகளுக்கும் கூட வந்த தலைமையாசிரியருக்கும் கேட்கும்படி, "அதான் இந்தப் பெட்டிக்கு உசுரு. நான் களைன்னு பிடுங்கிப் போட்டேன், இவங்க எடுத்து வளத்தாங்க. எனுக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாது. இவங்களையே கேளுங்க" என்றார். நான் பேசினேன், கண்ணு. எட்டாவதோடு நின்றவள், தலைமையாசிரியர் எதிரில் ஒரு மணி நேரம் பேசினேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் உன்னைப் பெற்ற அன்றுதான் மறுபடி வந்தது. இதை எழுதுகிறேன் என்று தெரிந்து உங்கப்பா இப்போது மெல்ல எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்.

சரி, உன் தொட்டிக்கு வருகிறேன். நியாயமாகவே சொல்கிறேன், எல்லாத் தொட்டிக்கும் ரெஃப்யூஜியம் கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். மீன் கம்மியாக வைத்து, நல்ல மெஷின் போட்டு, வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றினால் அது இல்லாமலும் ஓட்டலாம். ஆனால் உன் தொட்டியில் மீன் ஜாஸ்தி, உனக்குத் தண்ணீர் மாற்ற நேரம் கம்மி. போன மாதம் ஆசையாக வாங்கி விட்டீர்களே, கோலம் போட்ட மாதிரி ஒரு நீல மீன், அது உயிரோடு நகரும் பூச்சியைத் தவிர வேறு எதையும் தின்னாது என்று ரேவதி படித்துச் சொன்னாள். நீ கேட்கவில்லை. மற்ற மீன்கள் தீனியைத் தின்று கொழுக்க, அது பட்டினி கிடந்து செத்தது. தெம்பு இல்லாததால் சாகவில்லை. தின்பதற்கு அதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஆகவே தீர்ப்பு ரேவதி பக்கம். மேல்முறையீடு கிடையாது.

இனி அந்த வார்த்தை. இதை எழுத எனக்குக் கை தயங்குகிறது, ஏனென்றால் இதில் முதல் குற்றவாளி நான். நீ காலேஜ் சேரக் கவுன்சிலிங்குக்கு நாம் மூன்று பேரும் சென்னைக்குப் போனோமே, அந்தப் பெரிய அறையில் சுவரில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. நீ கேட்ட காலேஜில், நீ கேட்ட படிப்பில், பொதுவில் இடம் தீர்ந்துபோயிருந்தது. நம் வரிசையில் மட்டும் மூன்று இடம் இருந்தது. அதில் ஒன்றில் உன் பெயர் ஏறியது. உன் மாமா ரோட்டில் உட்கார்ந்து கேட்ட அந்தக் கொஞ்சம் இடம் அது. வெளியே வந்ததும் நான் என்ன செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? உன் கையைப் பிடித்து, "ஊர்ல யாராச்சும் கேட்டா மார்க்குலயே கெடச்சிதுன்னு சொல்லு" என்றேன். தெருவுக்கெல்லாம் அப்படிச் சொல்லித்தான் இனிப்புக் கொடுத்தேன். அதில் வெட்கப்பட வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். வெட்கம் உள்ளேயே கிடந்து வளர்ந்து, இன்று அடுத்தவன் மேல் எகத்தாளமாக வெளியே வருகிறது. என்னை மன்னித்துக்கொள்.

அன்று சொல்லச் சொன்ன பொய்யை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ ஒதுக்கீட்டில்தான் உள்ளே போனாய். நாலு வருஷம் கழித்து அந்தக் காலேஜில் உன் படிப்புக்கே முதல் மாணவனாக வெளியே வந்தாய். மேடையில் உன் கழுத்தில் பதக்கம் விழுந்தபோது, பொதுவில் போனவனா, ஒதுக்கீட்டில் போனவனா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். உன்னை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, நீயேதான் ஓடினாய். ஓடுவதற்குத் தரை வேண்டியிருந்தது, அதை உன் ஜனங்கள் வெயிலில் கிடந்து வாங்கிக் கொடுத்தார்கள். இதைவிடப் பெருமை ஒரு தாய்க்கு என்ன வேண்டும்?

நாளைக்கு ஆபீசில் எவனாவது கோட்டா என்று ஆரம்பித்தால், எழுந்து நின்று சொல்: நானும் அப்படி வந்தவன்தான், இந்த டீமுக்கு இன்றைக்குத் தலைவன் நான்தான் என்று. சத்தமாகச் சொல். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அலமாரியைக் காலி செய்து ரேவதியிடம் கொடு.

அம்மா